வெட்டப்பட்ட மரங்களின் பாட்டு: ஓபரா அரங்குகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கலை இயக்குநர்களுக்கும், ஆண்டு நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் இசைக்கலைஞர் அல்ல. ஐரோப்பாவின் சிறிய அரங்குகளில் மேடையின் நெற்றியில் ஓடுகிற மொழிபெயர்ப்பு வரிகளை இயக்குவது என் வேலை. கடைசி வரிசைக்கும் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு, மடியில் இசைப்பிரதி, விரல்நுனியில் ஒரு பொத்தான். பாடுபவர் மூச்செடுக்கும் நேரத்தில் அடுத்த வரி மேலே வந்துவிட வேண்டும். அரை நொடி முந்தினால் கதை முன்கூட்டியே தெரிந்துவிடும், அரை நொடி பிந்தினால் அழ வேண்டிய இடத்தில் சபை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் ஒரு படைப்பின் ஒவ்வொரு சொல்லையும், அந்தச் சொல்லுக்கு முன்னால் உள்ள மௌனத்தையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. யோசிப்பது தமிழில் என்பதால் இந்த மடலையும் முதலில் தமிழிலேயே எழுதுகிறேன். பிறகு மொழிபெயர்த்து உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்புவேன். தமிழில் வாசிப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, நீங்கள் அறிந்த சிலவற்றையும் விளக்கித்தான் சொல்லப்போகிறேன்.

நான் கேட்பது இதுதான். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் இசையமைத்த ஃபிரான்செஸ்கா கச்சீனி என்ற பெண்ணின் 'அல்ச்சீனாவின் தீவிலிருந்து ருஜ்ஜேரோவின் விடுதலை' என்ற ஓபராவை (வசனத்துக்குப் பதில் பாட்டாலேயே நடக்கும் நாடகத்தை) முழுதாக, நடனத்தோடு, போதுமான ஒத்திகையோடு மேடையேற்றுங்கள். ஏற்றிய பின் மறு ஆண்டும் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஃபுளோரன்ஸ் நகருக்கு வெளியே ஒரு மாளிகையில் 1625 பிப்ரவரி 3 அன்று அது அரங்கேறியது. 2025-இல் அதற்கு 400 ஆண்டு நிறைந்தது. ஆண்டு நிறைவுக்கு எடுத்துத் தூசு தட்டிய பிரதி மறுபடி அலமாரிக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

கவலைக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரங்கில் இந்த ஓபராவுக்கு வரிகள் இயக்க என்னை அழைத்திருந்தார்கள். அரங்கின் பெயர் வேண்டாம். மகளிர் தினத்தை ஒட்டி ஒரே ஒரு நாள் நிகழ்ச்சி. மேடை அமைப்பு கிடையாது, பாடகர்கள் கையில் பிரதியோடு நிற்பார்கள். ஒத்திகை மூன்று நாள். நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாலை பட்டியல் வந்தது: முகப்புக் காட்சி இல்லை, மரங்களின் பாட்டு இல்லை, நடனங்கள் இல்லை. இரவு விருந்துக்கு முன் முடித்தாக வேண்டும், நேரம் போதவில்லை என்றார்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று கூடக்குறைய ஓடும் படைப்பு அது. பெரிய இசையமைப்பாளர் ஹேண்டெலின் ஓபராவுக்கு மூன்று மணி நேரம் பொறுமையாக உட்காரும் அதே நாற்காலிகள்தான். வெட்டிய பின் மிச்சம் இருந்ததைப் பார்த்துவிட்டு ஒருவர் வெளியே வரும்போது "வரலாற்று முக்கியத்துவம் இருக்கிறது, நாடகம்தான் இல்லை" என்று சொல்லிக்கொண்டு போனார். அவர்மேல் தப்பில்லை. நாடகத்தை முதல் நாளே எடுத்துவிட்டிருந்தார்கள்.

அந்த மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கதை இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் 'ஒர்லாந்தோ ஃபூரியோஸோ' என்ற பெருங்காவியத்திலிருந்து வருகிறது. அல்ச்சீனா ஒரு மாயக்காரி, ஒரு தீவு முழுக்க அவள் ஆட்சி. வருகிற வீரர்களை மயக்கி வைத்துக்கொள்வாள், சலித்துப்போனதும் மரமாகவோ செடியாகவோ மாற்றிவிடுவாள். ருஜ்ஜேரோ என்ற வீரன் அவள் பிடியில் இருக்கிறான். போர், கடமை, அவனுக்காகக் காத்திருக்கும் பிரதமாந்தே, எல்லாம் அவனுக்கு மறந்துபோய்விட்டது. அவனை மீட்க மெலிஸ்ஸா என்ற நல்ல மந்திரக்காரி கடல் கடந்து, ஒரு டால்ஃபின்மேல் ஏறி வருகிறாள். ருஜ்ஜேரோவை வளர்த்த கிழவர் அத்லாந்தேயின் உருவத்தை எடுத்துக்கொண்டு அவன் முன் நின்று கேட்கிறாள்: உன் வாள் எங்கே, இந்த அலங்காரம் எல்லாம் எதற்கு? அவன் வெட்கப்பட்டுத் தெளிகிறான். புறப்படத் தயாராகிறான்.

அப்போதுதான் தோட்டம் வாய் திறக்கிறது. அதுவரை பின்னணியில் பச்சை நிறமாக நின்றிருந்த செடிகொடிகள், எங்களை இப்படியே விட்டுவிட்டா போகிறாய் என்று அவனைக் கேட்கின்றன. அதுவரை பெரும்பாலும் ஒற்றைக் குரலும் அதற்கு அடியில் மெல்லிய துணையுமாகப் போய்க்கொண்டிருந்த இசை திடீரெனப் பல குரல்களாக விரிகிறது. தனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் நிற்பவனின் முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். அவன் நிற்கிறான். இவர்களை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை என்கிறான். அவர்களையும் மீட்டுத் தருகிறேன் என்று மெலிஸ்ஸா வாக்குக் கொடுத்த பிறகே கதை நகர்கிறது.

இந்தக் காட்சியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, மயங்கிய ஒருவன் திட்டு வாங்கித் திருந்தி வீட்டுக்குப் போகும் கதை. காட்சி இருந்தால், ஒருவன் விடுதலை ஆவதும் ஒரு தீவே விடுதலை ஆவதும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்படுகின்றன. கடைசியில் ஏன் நடனம் வருகிறது என்பதும் அப்போதுதான் விளங்கும். மரங்களாக நின்றவர்கள் மனிதர்களாகிக் காலை எடுத்து வைக்கிறார்கள் அல்லவா, அதுதான் அந்த நடனம். வேர் பிடித்து நின்ற கால்கள் அவை. அதை "இறுதியில் ஒரு பாலே" என்று நினைத்து வெட்டுவது, மரங்களைக் கடைசிவரை மரங்களாகவே விட்டுவிட்டுப் போவதுதான். ருஜ்ஜேரோ செய்ய மறுத்ததை நாம் செய்கிறோம்.

1625-இல் அச்சான பிரதியின் முகப்பிலேயே இதை 'பலேத்தோ', அதாவது நடன நிகழ்ச்சி, என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஓபரா என்ற சொல் அப்போது இந்தப் பொருளில் புழக்கத்துக்கு வரவில்லை. காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் ஓபரா அரங்கு வெனிஸில் திறந்ததே 1637-இல்தான். இது அரண்மனை விருந்துக்காகப் பிறந்தது. இசையும் ஆட்டமும் மேடை எந்திரமும் ஒரே உடம்பின் உறுப்புகள். மேடையில் ஆட்டம் முடிந்ததும் சபை எழுந்து போய் மாளிகைக்கு முன்னால் இருந்த வெளியில் குதிரைகள் ஆடுவதைப் பார்த்தது. குதிரைகளைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பாட்டோடு நின்றுவிடாமல் உடம்புகளின் அசைவில் முடியும் படைப்பு இது என்பதை மேடை எப்படியாவது காட்ட வேண்டும். எட்டு நடனக்கலைஞர்கள் போதும். அவர்களுக்கும் இடம் இல்லையென்றால் கோரஸில் நிற்பவர்களே ஆடட்டும், காலணியைக் கழற்றிவிட்டு நாலு அடி வைக்கட்டும். அதைக்கூட நான் மனமார ஏற்றுக்கொள்வேன்.

அந்த மாளிகையையும் நினைத்துப் பாருங்கள். போஜ்ஜோ இம்பெரியாலே என்பது அதன் பெயர். ஃபுளோரன்ஸைத் தலைநகராகக் கொண்ட டஸ்கனியின் பிரபு இரண்டாம் கோசிமோ 1621-இல் இறந்துபோக, மகன் சிறுவன். அவன் பெயரால் நாட்டை ஆண்டவர்கள் இருவருமே பெண்கள்: அவன் தாய் மரியா மத்தலேனா, பாட்டி லொரேன் கிறிஸ்தீனா. மரியா மத்தலேனா இந்த மாளிகையை 1622-இல் வாங்கி ஜூலியோ பரீஜியைக் கொண்டு விரித்துக் கட்டினார். உள்ளே சுவர்களில் வரலாற்றிலும் விவிலியத்திலும் வரும் அரசிகளும் வீரப்பெண்களும் ஓவியங்களாக நிற்கிறார்கள். போலந்து இளவரசர் விளாடிஸ்லாவ் விருந்தாளியாக வந்தபோது அவர் முன் இந்தப் படைப்பு நடந்தது. மேடையை அமைத்தவரும் அதே ஜூலியோ பரீஜிதான். அல்ஃபோன்ஸோ பரீஜி செதுக்கிய செப்புத்தகட்டுச் சித்திரங்களில் அந்த மேடையை இன்றும் பார்க்கலாம். தீவு பற்றியெரியும் காட்சி அவற்றில் ஒன்று.

இப்போது முகப்புக் காட்சிக்கு வருகிறேன், வெட்டுபவர்கள் முதலில் கைவைக்கும் இடம் அது. கடல் தெய்வம் நெப்டியூனும் போலந்தின் விஸ்துலா நதியும் வந்து இளவரசரைப் புகழ்கிறார்கள். இன்று யாருக்கு வேண்டும் அந்த முகஸ்துதி என்று கேட்கிறார்கள். எனக்கு வேண்டும். இரண்டு பெண்கள் ஆளும் நாடு, பெண் ஒருத்தி அமைத்த இசை, ஒரு நல்ல மந்திரக்காரியும் ஒரு கெட்ட மந்திரக்காரியும் ஓர் ஆணின் மனதுக்காக மோதுகிற கதை, இத்தனையும் நாளை ஒரு நாட்டுக்கு அரசனாகப் போகும் இளைஞனின் கண் முன்னால். எந்தப் பெண்ணின் அதிகாரத்துக்கு நீ தலைவணங்கலாம், எதற்குக் கூடாது என்று மேடை அவனிடம் சொல்கிறது. முகப்பை வெட்டினால் அந்த இளவரசன் அரங்கைவிட்டு எழுந்து போய்விடுகிறான், பேச்சு யாரை நோக்கியது என்பதே தெரியாமல் போகிறது. விளாடிஸ்லாவ் அந்த மாலையை மறக்கவில்லை. பாடல்நூல் 1628-இல் போலிஷ் மொழியில் கிராகோவில் அச்சானது. அவர் அரசரான பின் வார்சா அரண்மனைக்கு இத்தாலிய ஓபரா வந்தது.

ஃபிரான்செஸ்காவைப் பற்றி நிகழ்ச்சிக் குறிப்பேடுகளில் எப்போதும் ஒரே வாக்கியம்தான் வருகிறது: ஓபரா எழுதிய முதல் பெண். உண்மைதான், நம் கையில் கிடைத்திருப்பவற்றில் பெண் எழுதிய மிகப் பழைய ஓபரா இதுவே. ஆனால் அந்த வாக்கியத்தோடு ஆள் காணாமல் போய்விடுகிறாள். அவள் 1587-இல் ஃபுளோரன்ஸில் பிறந்தவள். அப்பா ஜூலியோ கச்சீனி அந்தக் காலத்தின் பெரிய பாடகர், பாட்டு ஆசிரியர். அம்மா பாடகி, தங்கை செத்திமியாவும் பாடகி. மொத்தத்தில் அது ஒரு தொழிற்குடும்பம். மகள்கள் எழுத்தைப் படிக்கும்போதே சுரத்தையும் படித்தார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் குடும்பத்தோடு பிரான்ஸ் போய் அரசர் நான்காம் ஹென்றியின் முன் பாடினாள். அவர்கள் அவளை அங்கேயே வைத்துக்கொள்ள விரும்பினார்கள், ஃபுளோரன்ஸ் விடவில்லை. 1607-இல் ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் அரசவையில், அந்நாளைய நாணயத்தில் மாதம் 10 ஸ்கூதி சம்பளத்துக்குச் சேர்ந்தாள். பின்னாளில் அது 20 ஆகி, அரசவை இசைஞர்களிலேயே அதிகம் பெறுபவர்களுள் ஒருத்தி ஆனாள். 1610-இல் அந்தக் காலத்தின் பெரிய இசையமைப்பாளர் மான்டெவெர்டி ஒரு கடிதத்தில், ஃபுளோரன்ஸில் ஜூலியோவின் மகள் பாடியதையும், வீணையின் சாயலுள்ள நெடுங்கழுத்துத் தந்திவாத்தியமும், பியானோவுக்கு முந்திய ஹார்ப்சிகார்டும் வாசித்ததையும் கேட்டேன், மிக நன்றாகச் செய்கிறாள் என்று எழுதியிருக்கிறார். பாராட்டை எளிதில் வாரி வழங்குபவர் அல்லர் அவர்.

1618-இல் அவள் வெளியிட்ட பாடல் தொகுப்பில் 36 பாட்டுகள். அச்சிட்ட ஏட்டைப் பார்த்தால் கைப்பக்குவம் தெரியும். கமகம் போல உருளும் நீண்ட சுரக்கோவைகளை மற்றவர்கள் பாடுபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடும் இடங்களில், இவள் ஒவ்வொரு சுரமாக எழுதி, எந்த எழுத்து எந்தச் சுரத்தின் கீழ் வர வேண்டும் என்றுகூடக் குறித்திருக்கிறாள். மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய கை அது. மேடைக்காக அவள் இசை அமைத்தவை குறைந்தது 16. முழுதாக எஞ்சியது இந்த ஒன்றுதான்.

அதனால்தான் இந்த "முதல்" என்ற முத்திரை என்னை உறுத்துகிறது. முதல் என்று சொன்னவுடன் கேட்பவர் மனதில் ஒரு தொடக்கநிலை, ஒரு முயற்சி, ஒரு ஊக்கப் பரிசு வந்து உட்கார்ந்துவிடுகிறது. 1625-இல் இவள் தொடக்கக்காரி அல்ல. வயது முப்பத்தேழு, பதினேழு ஆண்டுக்கும் மேலான அரசவை அனுபவம், பாடுவது, கற்பிப்பது, அமைப்பது எல்லாம் கைவந்தவள். இந்த வேலையை அவளுக்குக் கொடுத்தவர்கள், பெண்ணுக்கு ஒரு வாய்ப்புத் தருவோம் என்று கொடுக்கவில்லை. அயல்நாட்டு இளவரசனின் முன் மானம் போகக்கூடாது என்பதற்காகக் கொடுத்தார்கள். நீங்களும் அந்த நம்பிக்கையோடு கொடுங்கள் என்கிறேன்.

இனி ஒத்திகை பற்றி. இதை உங்கள் கணக்கர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

அச்சுப்பிரதியில் பெரும்பாலான இடங்களில் இருப்பது இரண்டே வரி: மேலே குரல், கீழே அடிக்குரல். அந்தக் கீழ்வரியைப் பார்த்துக்கொண்டு தியோர்போ என்ற நெடுங்கழுத்துத் தந்திவாத்தியம், ஹார்ப்சிகார்ட், ஆர்கன், முழங்கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் இழுக்கும் வியோலா ட காம்பா வாசிப்பவர்கள் தாங்களாகவே இடைவெளியை நிரப்ப வேண்டும். பாஸோ கன்டினுவோ என்பது அதன் பெயர். அங்கங்கே இன்ன வாத்தியம் என்று பிரதியே சொல்லிவிடும். இடையன் பாடும் காட்சியில் மூன்று குழல்கள் வருகின்றன, கேட்டவுடனே வெயிலும் புல்லும் கண் முன் வந்துவிடும். மற்றபடி எந்த இடத்தில் யார் வாசிப்பது, எங்கே நிறுத்துவது, எங்கே ஒற்றைத் தந்தியை மட்டும் மீட்டிவிட்டுக் காத்திருப்பது என்பதெல்லாம் ஒத்திகையில் பிறக்க வேண்டும். விருத்தம் பாடும்போது வயலின்காரர் பாடுபவரின் வாயையே பார்த்துக்கொண்டு வில்லை இழுப்பாரே, அப்படிப்பட்ட துணை இது. மூன்று நாளில் அது வராது. மூன்று நாளில் வருவது பயந்து பயந்து தாளம் எண்ணுகிற வாசிப்பு. அப்போது உரையாடல் பாட்டு முழுக்க ஒரே நிறமாகி, சபை கொட்டாவி விட, "ஆரம்ப கால இசை, கொஞ்சம் வறட்சிதான்" என்ற தீர்ப்பு வந்துவிடும்.

வறட்சி இல்லை என்பதை ஒரே ஓர் ஒத்திகையில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேறு ஊர், வேறு குழு, காசில்லாத ஆனால் நேரம் இருந்த இளைஞர்கள். தேவாலயம் ஒன்றின் பக்கவாட்டு அறை, குளிர்காலம். தியோர்போ வாசித்த பையன் ஆளுயரத்தைத் தாண்டிய அந்த வாத்தியத்தின் கழுத்தில் காதை வைத்துப் பதினாலு தந்திகளையும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். குடல்நரம்புத் தந்திகள், அறையின் ஹீட்டரைத் திருகினாலே இறங்கிப்போகும். யாரும் அவசரப்படுத்தவில்லை. அல்ச்சீனா பாடுபவர் ஒரு நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். ருஜ்ஜேரோ மாறிவிட்டான் என்ற செய்தி அவளுக்கு வரும் இடம். முதல் தடவை அவர் பாடத் தொடங்கிய உடனே வாத்தியமும் சேர்ந்துகொண்டது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் சொல்லி முடித்த பிறகு நீ வா. அவளுக்கே இன்னும் அது புரியவில்லை" என்றார். மறுபடி. இந்தத் தடவை அவர் குரல் மட்டும் தனியாக அந்தரத்தில் நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணும் அளவுக்கு ஓர் அமைதி. அப்புறம் தியோர்போவின் நீண்ட தந்தி ஒன்று, கிணற்றில் கல் விழுந்த மாதிரி. என் கை பொத்தானின் மேலேயே இருந்தது, அழுத்த மறந்துவிட்டேன். ஒத்திகை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஓர் இடைவெளியைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு பிற்பகல் முழுக்க ஆனது. நான் கேட்பது அப்படிப்பட்ட பிற்பகல்களைத்தான். பாடகர்களும் கன்டினுவோக் குழுவும் மட்டும் இரண்டு வாரம் ஒரே அறையில் இருக்கட்டும். இயக்குநரும் விளக்குக்காரரும் அதற்குப் பிறகு வரட்டும்.

அல்ச்சீனாவைப் பற்றி இன்னும் ஒன்று. ஹேண்டெல் 1735-இல் இதே அல்ச்சீனாவை வைத்து லண்டனில் ஓபரா செய்தார். அதை நீங்கள் எல்லோரும் விரும்பி நடத்துகிறீர்கள், நடத்த வேண்டியதும்தான், எனக்கும் பிடித்தது. ஆனால் ஃபிரான்செஸ்காவின் அல்ச்சீனா வேறு. இசையியல் அறிஞர் சூசன் கியூசிக் இந்தப் பிரதியை நுணுகிப் படித்துக் காட்டியிருக்கிறார்: அல்ச்சீனாவும் அவள் தோழியரும் பாடுவது சுரத்தைச் சற்றே இறக்கும் ஃபிளாட் பக்கத்துச் சுரஸ்தானங்களில், ருஜ்ஜேரோவும் ஆண்களும் சற்றே ஏற்றும் ஷார்ப் பக்கத்தில், மெலிஸ்ஸா இரண்டுக்கும் நடுவில். கேட்கும் காதுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் வெளிச்சம் மாறுவதுபோல அது தெரியும். அல்ச்சீனா கெஞ்சும் இடத்தில் இசை அவளைக் கேலி செய்யவே இல்லை. காதலை இழக்கும் ஒருத்தியின் வலி முழுவதையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் கோபத்தையும் அரக்கர்களையும் நெருப்பையும் கொடுக்கிறது. ருஜ்ஜேரோ அசையாமல் நிற்கிறான். அவன் நிற்பது நியாயம் என்று தெரிந்தும் நமக்கு வலிக்கிறது. இந்த இடத்தை ஒரு சூனியக்காரியின் ஆர்ப்பாட்டமாகச் சிவப்பு விளக்கில் முடித்துவிடாதீர்கள் என்று இயக்குநர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தீவில் உண்மையாக நேசித்ததும் அவள், மனிதர்களை மரமாக்கியதும் அவள்தான். இரண்டையும் ஒரே உடம்பில் தாங்கக்கூடிய பாடகியைத் தேடுங்கள்.

செலவு என்பீர்கள். ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு வாத்தியக்குழு, பல வேடங்களை மாற்றி மாற்றிப் பாடக்கூடிய ஒரு டஜன் குரல்கள், இடைவேளையே தேவைப்படாத நேர அளவு. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இல்லை, உரிமைத்தொகை கேட்க யாரும் இல்லை. 1625-இன் அச்சுப்பிரதி கிடைக்கிறது. டோரிஸ் சில்பெர்ட் 1945-இலேயே ஸ்மித் கல்லூரி வெளியீடாக ஒரு பதிப்பைக் கொண்டுவந்துவிட்டார். 2010-களில் நல்ல ஒலிப்பதிவுகளும் வந்தன. பொருள் இல்லை, பிரதி இல்லை என்ற பேச்சுக்கு இடமே இல்லை. நேரம் குறைவாக இருக்கிறது என்று வேறொரு சிறு ஓபராவோடு ஜோடி சேர்த்து விற்காதீர்கள். அப்படிச் செய்தால் இரண்டில் ஒன்று முன்னுரை ஆகிவிடும், எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டதற்காக இதுவரை எந்தச் சபையும் என் கூண்டுக்கு வந்து சண்டை போட்டதில்லை.

மறு ஆண்டும் கொண்டுவர வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு தடவை மட்டும் நடந்தது நடக்காததற்குச் சமமாகிவிடுகிறது. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் 1903-இல் ஈதல் ஸ்மித் என்ற பெண்ணின் ஓபரா நடந்தது. அந்த மேடையில் அடுத்த பெண்ணின் ஓபரா, காய்யா சாரியாஹோவுடையது, 2016-இல். நடுவே 113 ஆண்டுகள். முதல் கதவைத் திறந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் திறந்திருப்பார்கள். அதைத் திறந்தபடியே வைத்திருக்க யாரும் பொறுப்பேற்கவில்லை. ஒரு பாடகி அல்ச்சீனாவை ஐந்து ஆண்டு இடைவெளியில் மூன்று தடவை பாடினால்தான் அந்தப் பாத்திரம் அவர் தொண்டையில் குடியேறும். அதைப் பார்த்து வளரும் மாணவி ஒருத்தி, நானும் ஒருநாள் அதைப் பாடுவேன் என்று நினைக்கத் தொடங்குவாள். மற்ற பெரிய படைப்புகள் எல்லாம் அப்படித்தான் பெரியவை ஆயின.

ஃபிரான்செஸ்காவுக்கு ஒரு மகள் இருந்தாள், மார்கரீத்தா. கணவர் இறந்து, லூக்கா நகரில் மறுமணம் செய்து, அந்தக் கணவரும் 1630-இல் இறந்து, கொள்ளைநோய்க் காலத்தில் அங்கேயே அடைபட்டுக் கிடந்து, 1634-இல் மறுபடி மெதிச்சி அரசவைக்கு வந்தாள் ஃபிரான்செஸ்கா. 1637-இல் ஒரு நாடகத்தில் மார்கரீத்தாவை மேடையேற்றிப் பாடவைக்கச் சொன்னபோது தாய் மறுத்துவிட்டாள். மேடையேறினால் பெண்ணின் எதிர்காலம் கெட்டுவிடும், நல்ல இடத்தில் கல்யாணமோ மடத்தில் இடமோ கிடைக்காது என்ற அச்சம். ஐரோப்பாவின் மிகச் சிறந்த மேடைகளில் வாழ்ந்தவள், தன் மகளுக்கு அந்த மேடை வேண்டாம் என்று சொல்லும்படி இருந்தது காலம். மார்கரீத்தா கன்னியர் மடத்தில் சேர்ந்தாள், அங்கே சுவர்களுக்குள்ளே பாடிப் பெயரெடுத்தாள். 1641-இல் ஃபிரான்செஸ்கா அரசவைப் பணியை விட்டு விலகினாள். இந்த ஓபரா நடந்த மாளிகை இன்று பள்ளிக்கூடம். 19-ஆம் நூற்றாண்டில் பெண்பிள்ளைகளுக்கென்றே அங்கே வந்த கல்விக்கூடம் அது. அங்கே காலையில் மணி அடிக்கும்போது பிள்ளைகள் ஓடும் தாழ்வாரங்களை நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இதில் கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்த ஒரு நாள் நிகழ்ச்சிக்காக நான் மரங்களின் பாட்டை வரி வரியாக மொழிபெயர்த்து, ஒவ்வொரு மூச்சுக்கும் எண் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். காட்சி வெட்டப்பட்டதும் அந்த வரிகளை அழிக்கச் சொன்னார்கள். தவறுதலாக மேலே வந்துவிடக் கூடாது என்பதற்காக. நான் அழிக்கவில்லை, வேறு கோப்பில் எடுத்து வைத்தேன். முகப்புக் காட்சியும் அதில் இருக்கிறது. உங்களில் யார் இந்த ஓபராவை முழுதாக எடுத்தாலும் அந்தக் கோப்பைக் காசு வாங்காமல் தருகிறேன். ஒத்திகை முழுவதும் வந்து கூண்டில் உட்காரவும் தயார்.

அன்புடன்,
கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து வரிகளை இயக்கும் ஒருத்தி